சத்தியப் பிரமாணத்தில் இன்னும் இருக்கும் ஒரு பெயர்: பிரித்தானிய மக்களவை உறுப்பினர்களுக்குத் திறந்த மடல்

லண்டன், நவம்பர் 2025

மதிப்புக்குரிய மக்களவை உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

2009ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் ஒரு நாள் காலை, வடமேற்கு லண்டனில் உள்ள ஒரு நகரசபை மண்டபத்தில், ஏறக்குறைய முப்பது பேர் நின்ற வரிசையில் நானும் நின்று பிரித்தானியக் குடிமகன் ஆனேன். சுவரில் மகாராணியின் படம் இருந்தது. அதன் கீழே மேசையில் ஒரு சிறிய கொடியும் சான்றிதழ் உறைகளும் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. பதிவாளர் ஒவ்வொரு சொற்றொடராக வாசிக்க, நாங்கள் ஆளுக்கொரு உச்சரிப்பில் திருப்பிச் சொன்னோம். இரண்டாம் எலிசபெத் மகாராணிக்கும், அவருடைய வாரிசுகளுக்கும், சட்டப்படி அவருக்குப் பின் அரியணை ஏறுபவர்களுக்கும் உண்மையான விசுவாசத்தோடு நடப்பேன் என்பதே அந்தச் சத்தியத்தின் சாரம். சேலைக்கு மேல் குளிரங்கி போட்டுக்கொண்டு பின்வரிசையில் இருந்த அம்மா, வெளியே வந்து பேருந்துக்கு நிற்கும்போது கேட்டார்: "ராணிக்குச் சத்தியம் பண்ணினது சரி. வாரிசு எண்டா ஆரார்?" நான் விரல் விட்டு எண்ணினேன். சாள்ஸ், வில்லியம், ஹரி, நான்காவதாக மகாராணியின் இரண்டாவது மகன் அன்ட்ரூ.

அதே ஆண்டு ஜூலையில்தான் ஜெஃப்ரி எப்ஸ்டீன் என்ற அமெரிக்கச் செல்வந்தர் புளோரிடாச் சிறையிலிருந்து வெளியே வந்திருந்தார். பதினெட்டு வயது நிரம்பாத ஒரு பெண்ணைப் பாலியல் தொழிலுக்கு ஏற்பாடு செய்தது உள்ளிட்ட குற்றங்களை 2008 ஜூனில் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்ட அவர், 18 மாதத் தண்டனையில் ஏறக்குறைய 13 மாதங்களை மட்டும், அதிலும் பெரும் பகுதியைப் பகலில் அலுவலகம் போய்வரும் சலுகையோடு கழித்துவிட்டு விடுதலையானார். பேருந்துத் தரிப்பிடத்தில் நின்ற எனக்கு அது தெரியாதது இயல்பு. நான்காவது வாரிசுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்த பிறகும் 2010 டிசெம்பரில் அவர் நியூயோர்க்குக்குப் போய், அதே மனிதரின் வீட்டில் பல நாட்கள் தங்கினார். சென்ட்ரல் பூங்காவில் இருவரும் கதைத்தபடி நடந்துபோகும் படம் சில வாரங்களில் பத்திரிகைகளில் வந்தது.

இந்த மடலை அரசருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. அரசர் தம் கையொப்பத்தால் செய்யக்கூடியதைச் செய்துவிட்டார். மிச்சம் இருப்பது முழுவதும் உங்கள் கையில் இருக்கிறது. நீங்களோ, அது ஒரு குடும்பத்தின் நற்பெயர் பற்றிய சங்கதி, அதை அந்தக் குடும்பமே பார்த்துக்கொள்ளட்டும் என்பதுபோல ஒதுங்கி நிற்கிறீர்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்ட்ரூ எந்த நீதிமன்றத்திலும் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டவர் அல்லர். தம்மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுகள் அனைத்தையும் அவர் தொடர்ந்து மறுத்து வருகிறார். எப்ஸ்டீனின் வலையில் சிக்கியிருந்த தம்மைப் பதினேழு வயதில் அன்ட்ரூ பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கினார் என்று சொல்லி, வேர்ஜீனியா ஜூஃப்ரே 2021 ஓகஸ்டில் நியூயோர்க்கில் தொடுத்த வழக்கு, 2022 பெப்ரவரியில், பொறுப்பை ஏற்காமலும் தொகையை வெளியிடாமலும் சமரசத்தில் முடிந்தது. ஆகவே, அவர் செய்தாரா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும்படி நான் உங்களைக் கேட்கவில்லை; அது பாராளுமன்றத்தின் வேலையும் அன்று. அவரே தம் வாயால் சொன்னவற்றையும், அவர் வகித்த அரசுப் பதவியையும், உங்கள் அவையின் மௌனத்தையும் பற்றித்தான் கேட்கிறேன்.

பனைமரத்தின் கீழே நின்று பால் குடித்தாலும் கள் என்றுதான் ஊர் சொல்லும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அன்ட்ரூவின் கதையை இந்தப் பழமொழிக்குள் அடக்கிவிடப் பலருக்கு விருப்பம்: நல்லவர், கூடாத நட்பு, பெயர் கெட்டுவிட்டது, பாவம். பழமொழியில் வரும் மனிதர் வழிப்போக்கர், வெயிலுக்கு ஒதுங்கியவர், மரத்தில் முட்டி கட்டியிருப்பதை அவர் கவனித்திருக்க மாட்டார். இங்கே, கள் இறக்கியதற்காகச் சிறைக்குப் போய் வந்தவரின் வீட்டுத் திண்ணையிலேயே நாலைந்து நாள் படுத்துக் கிடந்தவரைப் பற்றிக் கதைக்கிறோம். ஊரின் கண்ணில் பிழை இல்லை.

2019 நவம்பரில் பக்கிங்ஹாம் அரண்மனைக்குள் பிபிசியின் எமிலி மெய்ட்லிஸுக்கு அவர் கொடுத்த நேர்காணலை உங்களில் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள். குற்றச்சாட்டு குறிப்பிடும் நாளில் தாம் வோக்கிங் நகரின் பீட்சாக் கடையில் இருந்ததாகவும், தமக்கு வியர்ப்பதில்லை என்றும் அவர் சொன்ன விளக்கங்கள் கேலிப் பொருளாகி, அந்த நேர்காணலின் கனமான பகுதிகளை மூடிவிட்டன என்பது என் வருத்தம். மூன்று இடங்களை மீண்டும் கேட்டுப் பாருங்கள். நட்பை நேரில் முறிப்பதற்காகவே 2010இல் போனதாகவும், தங்குவதற்கு அந்த வீடு வசதியாக இருந்ததாகவும் சொல்கிறார். எப்ஸ்டீன் தம் நிலைக்குப் பொருந்தாத வகையில் நடந்துகொண்டார் என்கிறார். அவர் பாலியல் குற்றவாளி அல்லவா என்று மெய்ட்லிஸ் அந்த இடத்திலேயே திருத்துகிறார். மூன்றாவது இடம்தான் உங்களுக்குரியது. அந்த நட்பினால் தமக்குக் கிடைத்த மனிதர்களும் கற்றுக்கொள்ளக் கிடைத்த வாய்ப்புகளும் பயனுள்ளவையாக இருந்தன என்கிறார். அதை வர்த்தக உலகம் பற்றிய தம் அறிவோடு சேர்த்தே சொல்கிறார்.

அந்த வாசகத்தை யார் சொன்னார் என்பதை நினைவில் வையுங்கள். 2001 முதல் 2011 வரை அன்ட்ரூ இந்த நாட்டின் சர்வதேச வர்த்தகத்துக்கும் முதலீட்டுக்குமான விசேட பிரதிநிதி. சம்பளம் இல்லாத பதவிதான். ஆனால் பயணச் செலவு பொதுப் பணம், கூட இருந்தவர்கள் தூதரகங்களின் அலுவலர்கள், கதவுகளைத் திறந்துவிட்டது இந்த நாட்டின் பெயர். எப்ஸ்டீன் விசாரிக்கப்பட்டதும் தண்டிக்கப்பட்டதும் விடுதலையானதும் இந்தப் பத்து ஆண்டுகளுக்குள்ளேதான். 2006 ஜூலையில், எப்ஸ்டீனைப் பொலிஸார் விசாரித்துக் கொண்டிருந்த காலத்தில், அன்ட்ரூவின் மகளுடைய பதினெட்டாவது பிறந்தநாள் கொண்டாட்டத்துக்காக எப்ஸ்டீன் வின்ட்சர் கோட்டைக்குள் விருந்தினராக வந்து போனார். அரச பிரதிநிதி ஒருவர், ஒரு தனியார் பணக்காரரின் தொடர்புகள் தமக்குப் பயன்பட்டன என்று தாமே சொல்லும்போது, எந்தப் பயணத்தில், எந்தச் சந்திப்பில், யாருக்கு அவை பயன்பட்டன என்று கேட்க வேண்டியவர்கள் யார்? பத்திரிகையாளர்கள் கேட்டுவிட்டார்கள். ஜூஃப்ரேயின் சட்டத்தரணிகளும் கேட்டுவிட்டார்கள். இந்த மாதம் அமெரிக்கக் காங்கிரஸின் மேற்பார்வைக் குழுவிலுள்ள ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள்கூட மடல் எழுதிக் கேட்டு, 20ஆம் திகதி வரை தவணை கொடுத்துக் காத்திருந்தார்கள்; பதில் வரவில்லை. அவரை அந்தப் பதவிக்கு அனுப்பிய நாட்டின் பாராளுமன்றம் மட்டும் இன்னும் கேட்கவில்லை.

கேட்க முயன்றவர் ஒருவர் இருந்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2011 பெப்ரவரி இறுதியில், லிபியா பற்றிய விவாதத்தின்போது, வர்த்தகப் பிரதிநிதியின் நட்புகள் பற்றித் தொழிற்கட்சி உறுப்பினர் கிறிஸ் பிரையன்ட் உங்கள் அவையில் கேள்வி எழுப்பினார். அரச குடும்பத்தினரைப் பற்றிய குறிப்புகள் அரிதாகவும் அளவோடும் மரியாதையோடும் இருக்க வேண்டும் என்று அன்றைய சபாநாயகர் ஜோன் பெர்கோ அவரை அடக்கினார். சபாநாயகரைக் குறை சொல்வதற்கில்லை. அரச குடும்பத்தினரின் நடத்தையை விமர்சிக்க வேண்டுமானால் தனித் தீர்மானம் கொண்டுவர வேண்டும் என்பது உங்கள் அவையின் பழைய நடைமுறை. ஆனால் அதே நாட்களில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. அன்ட்ரூவும் பதினேழு வயது ஜூஃப்ரேயும், பின்னால் எப்ஸ்டீனின் கூட்டாளி கிலேன் மக்ஸ்வெல்லும் நிற்கும் படம் அந்த வாரத்தில்தான் ஒரு ஞாயிறு பத்திரிகையில் வெளிவந்தது. மறுநாள், பெப்ரவரி 28ஆம் திகதி, இதில் நாம் இருவரும் ஒன்றாகத்தான் இருக்கிறோம், நெருங்கிய தொடர்பில் இருங்கள் என்ற பொருளில் அன்ட்ரூவின் மின்னஞ்சல் எப்ஸ்டீனுக்குப் போனது. 2010 டிசெம்பரோடு தொடர்பை அறுத்துவிட்டதாகத் தொலைக்காட்சியில் சொன்னவரின் மின்னஞ்சல் அது. கடந்த மாதம்தான் அது வெளியே வந்தது. அவையில் வாய்கள் மூடப்பட்ட அதே நாட்களில் அவர் என்ன எழுதிக்கொண்டிருந்தார் என்பதை அறிய நமக்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

இந்தக் காலம் முழுவதையும் ஒருமுறை வரிசையாகப் பாருங்கள். நேர்காணல் ஒளிபரப்பாகி நான்கு நாட்களில், 2019 நவம்பர் 20ஆம் திகதி, பொதுக் கடமைகளிலிருந்து விலகினார். வழக்கைத் தள்ளுபடி செய்ய நியூயோர்க் நீதிபதி மறுத்த மறுநாள், 2022 ஜனவரி 13ஆம் திகதி, படைப்பிரிவுகளின் கௌரவப் பதவிகளும் அமைப்புகளின் புரவலர் பதவிகளும் திரும்பப் போயின. ஜூஃப்ரேயின் நினைவுக்குறிப்புகள் வெளிவருவதற்கு நான்கு நாட்களுக்கு முன், 2025 ஒக்டோபர் 17ஆம் திகதி, யோர்க் கோமகன் என்ற பட்டத்தை இனிப் பயன்படுத்துவதில்லை என்றார். அது போதாது என்று ஊர் சொன்னதும், ஒக்டோபர் 30ஆம் திகதி அரண்மனை இளவரசர் பட்டத்தையும் எடுத்தது. அவர் இனி அன்ட்ரூ மவுன்ட்பேட்டன் வின்ட்சர். ஒவ்வொரு படியிலும் முதலில் வந்தது தலைப்புச் செய்தி, பிறகு வந்தது நடவடிக்கை. எந்த ஒரு படியும் ஒரு விசாரணையின் முடிவாக வரவில்லை. பெயருக்கு எவ்வளவு சேதம் என்று அளந்து, அந்த அளவுக்கு மட்டும் வெட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள். யாருடைய பெயர் என்றால், அரச குடும்பத்தின் பெயர். ஜூஃப்ரே 2025 ஏப்ரலில், தம் 41ஆவது வயதில், மேற்கு அவுஸ்திரேலியாவில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். பட்டம் போன செய்தியைக் கேட்க அவர் இருக்கவில்லை.

ஒக்டோபர் 30ஆம் திகதி அறிக்கையில், பாதிக்கப்பட்டவர்களுக்கும் மீண்டு வந்தவர்களுக்கும் அரசரும் அரசியும் தம் அனுதாபத்தைத் தெரிவித்திருந்தார்கள். அந்த வரி இருந்தது நல்லது என்று நினைக்கிறேன். முந்தைய அறிக்கைகளைப் படித்தவர்களுக்கு வித்தியாசம் விளங்கும்.

ஒரு நகரசபை உங்களுக்கு முன்பே நடவடிக்கை எடுத்துவிட்டது. 2022 ஏப்ரலில் யோர்க் நகரசபை கூடி, அந்த நகரம் அவருக்கு அளித்திருந்த கௌரவக் குடியுரிமையை ஒருமனதாகத் திரும்பப் பெற்றது. யோர்க் மத்திய தொகுதியின் உறுப்பினர் ரேச்சல் மாஸ்கெல், பட்டங்களை நீக்கச் சட்டமூலம் ஒன்றையும் உங்கள் முன் வைத்தார். அது சட்டமாகவில்லை. அதே 2022இல் நீங்கள் நிறைவேற்றிய வேறொரு சட்டம் இருக்கிறது. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அரசர் நோயுற்றால் அல்லது வெளிநாட்டில் இருந்தால் அவர் சார்பில் கையொப்பமிடக் கூடியவர்கள் அரச ஆலோசகர்கள். 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி, அரசரின் துணைவியும், வாரிசு வரிசையில் வயது வந்த முதல் நால்வரும் அந்த இடத்துக்கு உரியவர்கள். அந்த நால்வரில் அன்ட்ரூவும் ஒருவர். 2022இல் இது சங்கடமாகத் தெரிந்தபோது, அவரை நீக்குவதற்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். நீங்கள் எழுதியது வேறு வரி: அரசரின் சகோதரி ஆனையும் தம்பி எட்வர்டையும் கூடுதலாகச் சேர்த்தீர்கள். பந்தியில் இருக்கக் கூடாதவரை எழுப்புவதற்கு வெட்கப்பட்டு, இன்னும் இரண்டு இலை போட்டதுபோல. கடமையில் இருக்கும் உறுப்பினர்களை மட்டுமே அழைப்போம் என்று அரண்மனை சொல்வதை நான் நம்புகிறேன். ஆனால் சட்டப் புத்தகத்தில் அவருடைய இடம் அப்படியே இருக்கிறது.

வாரிசு வரிசையிலும் அப்படித்தான். நான் சத்தியம் செய்தபோது நான்காவதாக இருந்தவர் இப்போது எட்டாவது. பட்டம் போனது, படை மரியாதை போனது, வின்ட்சரில் இருக்கும் வீடும் போகப்போகிறது. அரியணைக்கான உரிமை மட்டும் போகவில்லை. யோர்க் கோமகன் என்ற பட்டமும், பிரபுக்களின் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டதே ஒழிய, சட்டப்படி ஒழிந்துவிடவில்லை. அதற்குப் பாராளுமன்றச் சட்டம் வேண்டும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அந்த வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. முப்பது அறைகள் கொண்ட ரோயல் லொட்ஜை 2003இல், அரச நிலங்களை நிர்வகிக்கும் கிறவுன் எஸ்டேட் அவருக்கு 75 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. பத்து லட்சம் பவுண் முன்பணம், குறைந்தது 75 லட்சம் பவுணுக்குத் திருத்த வேலை, அதன் பிறகு வாடகை ஒரு மிளகு மணி, அதுவும் கேட்டால் மட்டும். இந்த நாட்டுக் குத்தகைச் சட்டத்தில் மிளகு என்பது ஒன்றுமில்லை என்பதற்கான பெயர் என்று அறிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இதே மிளகுக்காகத்தானே எங்கள் கடலோரங்களுக்குக் கப்பல்கள் போட்டி போட்டு வந்தன. கிறவுன் எஸ்டேட்டின் இலாபம் பொதுத் திறைசேரிக்குப் போவது என்பதால், உங்கள் பொதுக் கணக்குக் குழு கடந்த மாதம் இது பற்றி விளக்கம் கேட்டு எழுதியிருக்கிறது. அதற்கு நன்றி. ஆனால் வாடகைக் கணக்கைக் கேட்கும் துணிவு, பதவிக் கணக்கைக் கேட்பதற்கும் வர வேண்டும்.

நான் உங்களிடம் கேட்பது இதுதான். 2001 முதல் 2011 வரையான வர்த்தகப் பிரதிநிதிப் பதவியின் ஆவணங்களை, பயணங்களை, சந்திப்புகளை, அவற்றில் தனியார் இடைத்தரகர்களுக்கு இருந்த பங்கை, ஒரு தெரிவுக்குழு விசாரிக்கட்டும். அப்பதவிக்கு அவரை நியமித்த அரசாங்கங்களிலும், அது பற்றி எச்சரிக்கை வந்தபோது பொறுப்பில் இருந்தவர்களிலும் உயிரோடு இருப்பவர்கள் வந்து சாட்சி சொல்லட்டும். அரண்மனை தகவல் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்ட பொது அமைப்பு இல்லை. சாதாரணக் குடிமகன் நான் ஆயிரம் விண்ணப்பம் போட்டாலும் அங்கே கதவு திறக்காது. உங்கள் குழுக்களுக்கு அந்தக் கதவைத் தட்டும் அதிகாரம் இருக்கிறது. அடுத்து, அரச ஆலோசகர் பட்டியலிலிருந்தும் வாரிசு வரிசையிலிருந்தும் அவரை நீக்கச் சட்டம் கொண்டு வாருங்கள்.

வாரிசு வரிசையைத் தொடுவது கடினம் என்று சொல்வீர்கள். பிரித்தானியாவோடு சேர்த்து அரசரைத் தலைவராகக் கொண்ட 15 நாடுகளின் உடன்பாடு வேண்டும் என்பது உண்மை. ஆனால் 2011இல் பேர்த் மாநாட்டில் அந்த நாடுகள் கூடி இணங்கி, 2013இல் நீங்கள் சட்டம் இயற்றி, 2015இல் அது நடைமுறைக்கு வந்து, ஆண்பிள்ளைக்கு முன்னுரிமை என்ற நூற்றாண்டுகள் பழைய விதி போகவில்லையா? பட்டங்களைப் பறிப்பதற்கும் முன்மாதிரி உண்டு. முதலாம் உலகப் போரில் எதிரியின் பக்கம் நின்றவர்களுக்காக 1917இல் சட்டம் இயற்றி, 1919இல் அல்பனி கோமகனுடையதும் கம்பர்லாந்து கோமகனுடையதும் உட்படப் பட்டங்கள் பறிக்கப்பட வழிசெய்தது இதே பாராளுமன்றம். அல்பனி கோமகன் விக்டோரியா மகாராணியின் சொந்தப் பேரன். அன்று குடும்ப விவகாரம் என்று யாரும் ஒதுங்கவில்லை.

ஏழு பேர் முன்னால் இருக்கும்போது எட்டாமவர் அரசராகப் போவதில்லை, எதற்கு இந்த நேரச் செலவு என்றும் கேட்கலாம். நடைமுறையில் அது சரி. ஆனால் சத்தியம் நடைமுறையைப் பார்த்துச் செய்யப்படுவதில்லை. 2024 ஜூலையில், தேர்தல் முடிந்து அவைக்கு வந்ததும், நீங்களும் ஒவ்வொருவராக மேசைக்கு முன்னால் போய், சாள்ஸ் மன்னருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் சட்டப்படி அவருக்குப் பின் வருபவர்களுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்று சொன்னீர்கள். அதைச் சொல்லாமல் உங்களால் அவையில் அமரவோ வாக்களிக்கவோ சம்பளம் பெறவோ முடியாது. எனக்கும் அதைச் சொல்லாமல் கடவுச்சீட்டு கிடைத்திருக்காது. இந்த நாட்டில் சத்தியம் செய்து குடிமக்களானவர்களும் சத்தியம் செய்து உறுப்பினர்களானவர்களும் ஒரே வாசகத்துக்குள் இருக்கிறோம். அந்த வாசகத்துக்குள் யார் இருக்கலாம், யார் இருக்கக் கூடாது என்று எழுதும் பேனா உங்களிடம் மட்டுமே இருக்கிறது.

இந்த மடலின் ஆங்கில வடிவத்தை என் தொகுதி உறுப்பினருக்குத் தனியே அனுப்பியிருக்கிறேன். தமிழிலும் வெளியிடுவதற்குக் காரணம், எங்கள் வீடுகளில் இந்தப் பேச்சு தமிழில்தான் நடக்கிறது, அங்கே வாக்காளர்களும் இருக்கிறார்கள். அடுத்த மாதம் என் தங்கையின் மகன் அதே நகரசபை மண்டபத்தில் குடியுரிமைச் சத்தியம் செய்யப்போகிறான். அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். இந்தமுறை எண்ணுவதற்கு எனக்கு எட்டு விரல்கள் தேவைப்படும்.

இப்படிக்கு,
உங்கள் வாக்காளர்களுள் ஒருவன்